சிப்பிப் படுகையில் ஒரு டயர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். மேடையேறிப் பேச எனக்கு இப்போது தெம்பில்லை. எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்று நின்று வலது காது ஏறக்குறையப் போய்விட்டது. குனிந்தால் நிமிர நேரமாகிறது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

விமானத்துக்கு டயர் மாற்றுவது எப்படி என்று இதில் இருக்காது. அதற்குக் கையேடு இருக்கிறது, சொல்லித் தர ஆட்களும் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒரு கேள்வியைப் பற்றி. நீங்கள் எண்ணெயும் வேர்வையுமாக இறக்கைக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போது, மேலே இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் வந்து நின்று கேட்பார்: "எவ்வளவு நேரம் ஆகும்?" இத்தனை வருடத்தில் என்னைக் களைப்பாக்கியது வேலை இல்லை, அந்தக் கேள்விதான். அது ஒருமுறை பழவேற்காட்டு ஏரிக்குள் என்னிடம் கேட்கப்பட்டது.

அப்போது நான் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் விமானக் கொட்டகையில், அதாவது ஹேங்கரில், வேலையில் இருந்தேன். மேலிருந்து நிலத்தைப் படமெடுப்பது அந்த நிறுவனத்தின் தொழில். நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள நானும் சேகரும். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே சோற்று டப்பாவில் சாப்பிட்டவர்கள். சேகரின் கை எனக்குக் கிடையாது. இடுக்குக்குள் கண் போகாத இடத்தில் அவன் விரல் போகும், வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே வரும். நான் நிதானக்காரன். அதாவது மெதுவானவன் என்று அர்த்தம்.

ஒரு கோடையில் எங்கள் விமானி ஏரியின் மேலே பறந்துகொண்டிருந்தபோது எஞ்சின் இருமத் தொடங்கியது. அவரை நாங்கள் கேப்டன் என்றே கூப்பிடுவோம். அந்த வருடம் ஏரி பாதிக்கு மேல் வற்றிக் கிடந்தது. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டிருந்ததால் புதுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. தோணிரேவு என்ற மீனவர் ஊருக்கு எதிரே காய்ந்து வெளுத்துக் கிடந்த ஏரித் தரையில் கேப்டன் விமானத்தை இறக்கினார். நன்றாகவே இறக்கினார், அதைச் சொல்ல வேண்டும். வேறு ஒருவராக இருந்தால் விமானத்தின் மூக்கு தரையில் குத்தியிருக்கும். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்ததுதான் கோளாறு. அதை அவரே வடித்துவிட்டார். ஆனால் உருண்டு நிற்கப் போகும் நேரத்தில் இடப்பக்கச் சக்கரம் பழைய சிப்பிப் படுகை ஒன்றின் மேல் ஏறிவிட்டது. டயர் கிழிந்து துணியாகத் தொங்கியது.

முதலாளி எங்கள் இருவரையும் ஒரு ஜாக்கி, ஒரு டயர், ஒரு டியூபோடு வேனில் ஏற்றி அனுப்பினார். பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு போய், டச்சுக்காரர் கல்லறைக்குப் பக்கத்தில் நிழலாக ஒரு இடத்தில் வேனை நிறுத்தினோம். அங்கிருந்து ஒரு படகு. தண்ணீர் தீர்ந்த இடத்தில் இறங்கி, ஜாக்கியை மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கி நடந்தோம். தரை எங்கும் செத்த மீன். மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கலாம் என்றால் கையில் சாமான். சேகர் வழியெல்லாம் முதலாளியைத் திட்டிக்கொண்டே வந்தான்.

மாலையில் போய்ச் சேர்ந்தோம். விமானம் ஒரு காலை மடக்கிய மாடு மாதிரி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. கேப்டன் அதன் நிழலில் ஒரு பலகை மேல் உட்கார்ந்திருந்தார். தோணிரேவு ஆட்கள் அவருக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்திருந்தார்கள்.

சற்று நேரத்தில் ஊர்ப் பெரியவர் வந்தார். தேசப்பன் என்று பெயர். ஒடிசலான மனிதர், தோளில் சிவப்புத் துண்டு. மறுநாள் முகத்துவாரத்தை வெட்டப்போவதாகச் சொன்னார். பௌர்ணமி கழிந்த சமயம், கடல் நன்றாக ஏறும். அது ஏறி நிற்கிற வேளையில் மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் தானே உள்ளே புகுந்துவிடும். சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் மண்வெட்டியோடு அங்கே கூடிவிட்டன. வெட்டினால் இந்தத் தரைக்கும் தண்ணீர் வரும். முழங்கால் அளவுகூட இருக்காது, ஆனால் தரை சேறாகிவிடும். நாளைக்கு விட்டால் அமாவாசை வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மிச்சமிருக்கும் மீனும் இறாலும் வெந்து செத்துவிடும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்களைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருந்தது போலத்தான் தெரிந்தது.

கேப்டன் உடனே, காலையில் ஒரு மணி நேர வேலை, அதற்குள் கிளம்பிவிடுவோம் என்றார். பெரியவர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றேன். கேப்டனுக்கு அது பிடிக்கவில்லை.

விடிந்ததும் தொடங்கினோம். முதல் முயற்சியிலேயே தரை எங்களுக்குப் பாடம் நடத்திவிட்டது. மேலே உப்புப் பூத்துக் கல் மாதிரி இருந்தது. ஜாக்கியில் பாரம் ஏற ஏற, விமானம் மேலே போவதற்குப் பதில் ஜாக்கி கீழே போனது. மேல் ஓடு உடைந்து அடியில் கருப்புச் சேறு. மெதுவாக இறக்கிவிட்டு, சேற்றை வாரிக் கொட்டினோம். அந்தப் பள்ளத்தில் சிப்பியை நிரப்பி மிதித்து, அதன் மேல் படகுப் பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினோம். தரையில் சும்மா கிடந்த படகுகளிலிருந்து பலகைகளைக் கழற்றிக் கொடுத்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். விமானம் சீக்கிரம் போனால் அவர்களுக்கும் நல்லது.

எனக்குக் காற்றைப் பற்றித்தான் பயம். அந்த வகை விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேலே இருக்கும். ஒரு பக்கச் சக்கரம் கழன்று, ஜாக்கியின் தலையில் உட்கார்ந்திருக்கும்போது இறக்கைக்கு அடியில் காற்று புகுந்தால் விமானம் துள்ளும். பறப்பதற்காகச் செய்த பொருள் அது, தன் வேலையைத்தான் பார்க்கும். அதனால் இரண்டு இறக்கை நுனியிலும் கயிறு கட்டி, படகு நங்கூரங்களைத் தரையில் புதைத்து அவற்றில் முடிந்தோம். அது போதாதென்று இரு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இடப்பக்கம் பிடித்தவர்களில் கன்னியம்மா என்று ஒரு பெண். கணவர் முகத்துவாரம் வெட்டப் போயிருந்தார். கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றார்.

இரண்டாவது முறை ஜாக்கி நின்றது. கிழிந்த சக்கரம் கழன்று வந்தது. டயர், டியூப் மாற்றிக் காற்றடித்து முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. கேப்டன் சொன்ன ஒரு மணி நேரம் எப்போதோ போய்விட்டது. அவர் ஏரிக்கரையைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். தொலைவில் ஒரு மணல்மேட்டில் ஒருவன் எங்களைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கும் அப்பால் இன்னொருவன். முகத்துவாரம் வரைக்கும் அப்படி ஆள் நிறுத்தியிருந்தார்கள். வெட்டலாம் என்று தேசப்பன் துண்டை வீசிக் காட்டினால் சேதி கை மாறிப் போய்ச் சேரும்.

சேகர் அடியில் படுத்துச் சக்கரத்தை அச்சில் ஏற்ற ஆரம்பித்தான். ஏறியது, ஆனால் பிரேக் தட்டு உட்கார மறுத்தது. கிழிந்த டயரோடு உருண்டதில் ஏதோ வளைந்திருந்தது. கழற்றினான், தட்டினான், திரும்ப ஏற்றினான். கேப்டன் கேட்டார், எவ்வளவு நேரம் ஆகும் என்று. ரெண்டு நிமிஷம் என்றான் சேகர். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். ரெண்டு நிமிஷம் என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது. விரல் நுனிக்கு ஒரு மயிரிழை தூரத்தில் வேலை முடிந்து கிடக்கும்போது மனசு வேறு எதையும் கணக்கில் எடுக்காது.

நான் ஜாக்கியின் பக்கத்தில் குந்தியிருந்தேன். அது நேராக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. கண் வைத்துப் பார்த்தபோது அது சற்றுச் சாய்ந்த மாதிரி இருந்தது. நிஜமா, வெயிலில் கண் கூசுகிறதா என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. சிப்பி அடியில் நொறுங்கி இறங்கியிருக்கலாம். அப்போது பின்னாலிருந்து கன்னியம்மா குரல் வந்தது.

"அண்ணா, கவுறு துள்ளுது."

திரும்பிப் பார்த்தேன். அவர் இடுப்பிலிருந்த கயிறு தளர்ந்து, ஒரு வெட்டு வெட்டி இறுகியது. கன்னத்தில் காற்றுப்பட்டது. கடல் பக்கத்துக் காற்று, மெல்லியதுதான்.

"சேகர், வெளிய வா" என்றேன்.

"ரெண்டு நிமிஷம்டா. உக்காந்துருச்சு, நட்டு மட்டும்தான்."

கேப்டன் என் பக்கம் குனிந்து, அவன் முடிச்சுடட்டும் தயாளன் என்றார். சேகர் வெளியே வரவில்லை. நான் இன்னொரு முறை கூப்பிடவில்லை. அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தேன். முதுகு சிப்பியில் உரசிக்கொண்டு வெளியே வந்தவன் எழுந்து என் சட்டையைப் பிடித்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். விட்டுவிட்டான். ஜாக்கியிலிருந்து பாரத்தை எடுக்க வேண்டும், அடியில் மூட்டை அடுக்க வேண்டும் என்றேன். ஊர்க்காரர்கள் சாக்கில் சிப்பி நிரப்பிக் கொடுத்தார்கள். யாரும் அடியில் போகாமல், பக்கத்திலிருந்தே கழியால் தள்ளித் தள்ளி மூட்டைகளைச் சேர்த்து, விமானத்தின் காலை அவற்றின் மேல் இறக்கினோம். சேகரும் வந்து ஒரு பக்கம் தள்ளினான், என் முகத்தைப் பார்க்காமல். இப்போது காற்று வந்தாலும் விமானம் போக இடமில்லை. ஆனால் சக்கரம் பூட்டாமல் தொங்கியது. அதைப் பூட்ட வேண்டுமானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் காற்று இரண்டு முறை வீசிவிட்டு நின்றுபோனது. கயிறுகள் தொங்கின. இறக்கை அசையவில்லை. ஜாக்கி விழவில்லை. எல்லோரும் அந்த அமைதியில் நின்று என்னைப் பார்த்தார்கள்.

தேசப்பன் அருகில் வந்தார். மேட்டில் நிற்பவன் கையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். கடல் ஏறி நின்றுவிட்டது, இனி இறங்கத் தொடங்கும்.

"நான் ஏரோப்ளேனப் பத்தி இன்னா கண்டேன்? அது முழுகுச்சின்னா போலீசு வந்து எங்க பசங்களதான் இட்டுனு போவும். அதான் நிக்கிறேன். ஆவுமா ஆவாதா, ஒரு வார்த்த சொல்லிடு."

கேப்டன் என் பக்கமாக நகர்ந்து தணிந்த குரலில் சொன்னார். "அரை மணி நேரம்னு சொல்லு. அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. விமானம் அவர் பொறுப்பு. அரை மணி நேரம் என்று சொன்னால் பெரியவர் நம்புவார், காத்திருப்பார். அது முடிந்ததும் இன்னொரு அரை மணி நேரம் கேட்கலாம். கடல் இறங்கிவிடும். அதன்பின் வெட்டியும் பயனில்லை. எங்களுக்கு மாலை வரை, ஏன், அமாவாசை வரை நேரம் கிடைத்துவிடும். மூன்று வார்த்தை போதும். நம் தொழிலில் அந்த மாதிரி மூன்று வார்த்தை தினமும் சொல்கிறோம். சாதாரண நாளில் அதனால் ஒரு விமானம் தாமதமாகக் கிளம்பும், யாரோ திட்டுவார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு அந்த வார்த்தையின் மறுமுனையில் ஒரு ஏரி இருந்தது. முந்தைய நாள் மிதித்துக்கொண்டு வந்த செத்த மீன்களின் நாற்றம் என் கால்சட்டையில் இன்னும் இருந்தது.

"ஆவாது பெரியவரே" என்றேன். "முடியும்னு என்னால சொல்ல முடியாது. நீங்க வெட்டுங்க. யார் வந்து கேட்டாலும் நான்தான் வெட்டச் சொன்னேன்னு சொல்லுங்க."

"உம் பேரு இன்னா?"

சொன்னேன். தயாளன், தயாளன் என்று வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு துண்டை எடுத்துத் தலைக்கு மேல் வீசினார். மேட்டில் நின்றவன் திரும்பித் தன் துண்டை வீசினான். அதற்குப் பின்னால் எங்களுக்குத் தெரியவில்லை.

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கயிற்றை விட்டார்கள். கன்னியம்மா மட்டும் இடுப்பிலிருந்து அவிழ்த்து, சுருட்டி, என் காலடியில் வைத்துவிட்டுப் போனார். கேப்டன் இறக்கையின் நிழலில் போய் உட்கார்ந்து தொப்பியை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டார்.

தண்ணீர் வர வெகு நேரமானது. முதலில் வாடைதான் மாறியது. அழுகல் நாற்றத்துக்கு நடுவில் கடலின் வாசனை. பிறகு தூரத்தில் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. வைக்கோலும் நுரையுமாக ஒரு மெல்லிய விளிம்பு நெளிந்து நெளிந்து வந்து, சிப்பி மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. ஊர் முழுக்க அதை எதிர்கொண்டு ஓடியது. யாரோ தவறி விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் சேகரும் விமானத்தின் பாட்டரியைக் கழற்றி, அதையும் டூல் பெட்டியையும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். பலமான காற்று பொழுது சாயும்போதுதான் வந்தது. அந்த இடைவெளியில் அவன் அந்த நட்டை எத்தனையோ முறை பூட்டியிருக்கலாம்.

விமானம் முழுகவில்லை. தண்ணீர் அதன் வயிற்றைத் தொடவில்லை. ஆனால் சேற்றில் நின்ற விமானத்தை உருட்ட முடியாது, பறக்க வைக்கவும் முடியாது. இறக்கைகளைக் கழற்றி, படகில் ஏற்றிப் பழவேற்காடு கொண்டுவந்து, லாரியில் சென்னை போய்ச் சேர்த்தோம். தூக்கிவிட்டது தோணிரேவு ஆட்கள்தான். உப்பு ஏறிய பாகங்களை மாற்றி மறுபடி பறக்கவிட மாதக்கணக்கில் ஆனது. அது பறந்ததை நான் பார்க்கவில்லை.

இதைக் கேட்கும் உங்களில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஜாக்கி சரிந்து, சேகர் படுத்திருந்த இடத்தில் விமானம் விழுந்தது என்று முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். எனக்கும் அப்போது அது நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றியிருக்கிறது. வெறும் இரும்புதானே, விழட்டும். என்னை யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் ஒருவரை அடியிலிருந்து வெளியே இழுக்கும் நாட்களில் பெரும்பாலும் ஒன்றும் விழாது. அந்தக் காற்று அடங்கிவிடும். எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் சொன்னது சரி என்று காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. இந்த வேலையில் நான் பழகிக்கொள்ள மிகக் கஷ்டப்பட்டது அதற்குத்தான். முழுதாகப் பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

விசாரணை முதலாளியின் அறையில் நடந்தது. கேப்டன் நடந்ததை நடந்தபடியே சொன்னார். ஊர்க்காரர்களை வெட்டச் சொன்னது யார் என்று முதலாளி கேட்டார். நான்தான் என்றேன். அவர் அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சேகர் பக்கம் திரும்பி, உன்னை விட்டிருந்தால் முடித்திருப்பாயா என்று கேட்டார்.

சேகர் யோசித்தான். பிறகு, முடிச்சிருப்பேன் சார் என்றான்.

அன்றே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என் சாமான்களை எடுத்துக்கொண்டு ஹேங்கரை விட்டு வெளியே வந்தேன். சேகர் வாசலில் நின்றிருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால், நடக்கக்கூடத் தெம்பில்லாத அளவுக்கு அசதிதான் இருந்தது. அவன் என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டான். சாலை வரை நடந்தோம். பேருந்து தூரத்தில் தெரிந்தபோது பெட்டியைக் கீழே வைத்தான்.

"முடிச்சிருப்பியானு கேட்டாங்க, ஆமான்னேன். நெசத்ததான் சொன்னேன்" என்றான். "நீ என்னய வெளிய இழுத்தது சரியானு கேப்பாங்கன்னு நின்னேன் தயாளா. கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல."